வினையடைகளும் அவற்றின் உறவுச் சொற்களும்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆங்கில இலக்கணப் பாடம்

நம் சமூகத்துப் பிள்ளைகளுள் பலர் இன்று ஆங்கில வழியில் பயில்கின்றனர். தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயினும் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுத அமரும்போது, 'ஐ வொர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதிவிடும் இளைஞர்கள் உளர். 'கடினமாக உழைத்தேன்' என்பதே அவர்கள் சொல்லக் கருதியது. ஆங்கிலம் அறிந்தவர் அதனைப் படித்தால், 'நான் உழைத்ததே அரிது' என்னும் பொருளே அவருக்குத் தோன்றும். ஒரு சிறிய ஈறு, உழைத்தவனை உழையாதவன் ஆக்கிவிடுகிறது.

இவ்வாறு பொருளைத் தலைகீழாக்கும் ஆற்றல் உடையவை வினையடைகள். பெயரையும் வினையையும் கருத்தூன்றிப் பயில்கின்ற மாணவர்கள் இவற்றை ஏதோ ஒட்டுச் சொற்கள் என்று எண்ணிக் கடந்து விடுகின்றனர். இப்பாடத்தில் வினையடைகளையும், அவற்றோடு வேரால் உறவுடைய பிற சொற்களையும் முறையாகக் காண்போம். பாடத்தின் இறுதியில், ஒரே ஓர் அடைமொழியைத் தவறாகப் பெயர்த்ததனால் ஒரு தத்துவத்திற்கே தவறான பெயர் வந்து சேர்ந்ததையும் காண்போம். அச்சொல் நம் தருக்க நூல்களுக்கு உரியது.

எடுத்துக்காட்டுகள் யாவும் ஒரே இடத்தைப் பற்றியனவாக இருப்பின் மனத்தில் எளிதில் பதியும். ஆதலின் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத் தேர்ந்துகொண்டோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் சாலை, சோளக்காட்டுச் சந்தை, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, வல்வில் ஓரியின் புகழ், சாமையும் தினையும் மிளகும் பலாவும் விளையும் நிலம் என அங்கே வாக்கியங்களுக்குக் குறைவில்லை.

1. வினையடை என்பது யாது?

'தி பஸ் கிளைம்ஸ்' என்றால் 'பேருந்து ஏறுகிறது' என்பதோடு செய்தி முடிந்துவிடும். எப்படி ஏறுகிறது என்று ஒருவர் வினவினால், 'தி பஸ் கிளைம்ஸ் ஸ்லோலி' என்கிறோம். இங்கே 'ஸ்லோலி' என்பது ஏறுதலாகிய வினையின் தன்மையை விளக்கிற்று. இதுவே வினையடை.

ஆனால் பெயரைக் கண்டு, இஃது வினையை மட்டுமே சாரும் என்று எண்ணுதல் கூடாது. ஆங்கிலத்தில் வினையடை நான்கு இடங்களில் தொழில் செய்கிறது.

முதலாவது, வினையைச் சார்வது: 'தி பஸ் கிளைம்ஸ் ஸ்லோலி' – பேருந்து மெதுவாக ஏறுகிறது.

இரண்டாவது, பெயரடையைச் சார்வது: 'தி ரோடு இஸ் வெரி ஸ்டீப்' – சாலை மிகவும் செங்குத்தானது. 'ஸ்டீப்' என்னும் பெயரடையின் அளவை 'வெரி' காட்டுகிறது.

மூன்றாவது, மற்றொரு வினையடையைச் சார்வது: 'தி பஸ் கிளைம்ஸ் வெரி ஸ்லோலி' – பேருந்து மிக மெதுவாக ஏறுகிறது.

நான்காவது, வாக்கியம் முழுவதையும் சார்வது: 'ஃபார்ச்சுனேட்லி, தி ரோடு இஸ் குட்' – நல்வாய்ப்பாக, சாலை நன்றாக இருக்கிறது. சாலை நல்வாய்ப்புடையது என்பது இதன் பொருளன்று. சாலை நன்றாக இருக்கும் செய்தி முழுவதையும் பற்றிப் பேசுவோர் தம் கருத்தை முன்வைக்கிறார்.

எப்படி, எங்கே, எப்போது, எவ்வளவு, எத்தனை முறை என்னும் ஐந்து வினாக்களை எழுப்பிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றற்கு விடையாக நிற்கும் சொல் பெரும்பாலும் வினையடையே ஆகும். வாக்கியத்தைச் சார்ந்து நிற்பவை மட்டும் இவ்வினாக்களுக்குள் அடங்கா.

2. நம் இலக்கணத்தில் இதன் இடம்

சமண முனிவராகிய பவணந்தியார், சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க இயற்றிய நன்னூல், சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுக்கிறது. ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ எட்டாக வகுக்கிறது. அவ்வெட்டனுள் ஒன்றாகிய வினையடைக்கு நன்னூலில் தனித்த ஓரியல் இல்லை. அதனால் தமிழில் வினையடை இல்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. அதன் தொழிலைப் பல வகைச் சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன.

'விரைந்து வந்தான்' என்பதில் 'விரைந்து' வினையெச்சம். 'மெல்ல நடந்தான்' என்பதில் 'மெல்ல' குறிப்பு வினையெச்சம். 'நனி நன்று' என்பதில் 'நனி' உரிச்சொல்; ஆங்கில 'வெரி' செய்யும் தொழிலையே இது செய்கிறது. 'அவனே வந்தான்' என்பதில் ஏகாரம் இடைச்சொல். 'ஒன்லி' என்பது செய்யும் தொழிலை இது செய்கிறது. இன்றைய உரைநடையிலோ பெயர்ச்சொல்லோடு 'ஆக' அல்லது 'ஆய்' சேர்த்து, வேகமாக, அழகாக, அமைதியாய் என அமைத்துக்கொள்கிறோம்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தால் ஆங்கிலம் எளிதாகும். ஆங்கிலத்திலும், ஒரு சொல் தோற்றத்தில் எப்படி இருக்கிறது என்பதைவிட, வாக்கியத்தில் என்ன தொழில் செய்கிறது என்பதே அதன் வகையை உறுதி செய்கிறது. இதுவே இப்பாடத்தின் முதன்மையான விதி என்று கொள்க.

3. ஒரு வேர், நான்கு சொற்கள்

ஆங்கிலச் சொற்கள் குடும்பங்களாக வாழ்கின்றன. ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் உறவினரையும் உடன் கற்றல் நன்று. 'கேர்' என்னும் வேரைப் பார்ப்போம்.

பெயர்: 'ஹி டிரைவ்ஸ் வித் கேர்' – அவர் கவனத்தோடு ஓட்டுகிறார்.
வினை: 'ஹி கேர்ஸ் ஃபார் ஹிஸ் பாசஞ்சர்ஸ்' – அவர் தம் பயணிகளிடம் அக்கறை காட்டுகிறார்.
பெயரடை: 'ஹி இஸ் எ கேர்ஃபுல் டிரைவர்' – அவர் கவனமான ஓட்டுநர்.
வினையடை: 'ஹி டிரைவ்ஸ் கேர்ஃபுல்லி' – அவர் கவனமாக ஓட்டுகிறார்.

முதல் வாக்கியத்தில் உள்ள 'வித் கேர்' என்பதும் நான்காவதில் உள்ள 'கேர்ஃபுல்லி' என்பதும் ஒரே பொருளைத் தருகின்றன. ஆகவே வினையடையின் தொழிலை ஒரு சொல்லும் செய்யலாம். ஒரு சொற்றொடரும் செய்யலாம்.

இவ்வாறே 'சக்ஸஸ், சக்ஸீட், சக்ஸஸ்ஃபுல், சக்ஸஸ்ஃபுல்லி' என்பதும், 'பியூட்டி, பியூட்டிஃபை, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி' என்பதும், 'ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரெங்தன், ஸ்ட்ராங், ஸ்ட்ராங்லி' என்பதும் நான்கு நான்காக வருவன. இவற்றைப் பெயர், வினை, பெயரடை, வினையடை என்னும் வரிசையில் ஓர் ஏட்டில் எழுதி வருக. நாளுக்கு ஒரு குடும்பம் கற்றால், ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கைவரும்.

எழுத்து மாற்றங்கள் சில உள. பெயரடை 'ஒய்' என்னும் எழுத்தில் முடிந்தால், அது 'ஐ' எழுத்தாகத் திரிந்து 'லி' ஏற்கும்: 'ஹாப்பி' – 'ஹாப்பிலி'. 'ஜென்ட்டில்' போன்றவற்றில் ஈற்று 'ஈ' எழுத்து கெட்டு, 'ஜென்ட்லி' என ஆகும். 'ட்ரூ' என்பதிலும் ஈற்று 'ஈ' கெட்டு 'ட்ரூலி' என வரும். 'பேசிக்' போல 'ஐசி' என்னும் எழுத்துகளில் முடிவன 'ஏ, எல்' எழுத்துகளையும் இடையே பெற்று 'பேசிக்கலி' என வரும். 'பப்ளிக்' மட்டும் இதற்கு விலக்காக நேரே 'பப்ளிக்லி' ஆகும்.

4. 'லி' ஈற்றின் வரலாறும் அதன் மயக்கங்களும்

பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்றொரு சொல் இருந்தது. உடல், உருவம் என்பன அதன் பொருள். 'நண்பனின் உருவுடைய', அதாவது 'நண்பனைப் போன்ற' என்னும் கருத்தில் அது பெயர்ச்சொற்களோடு ஒட்டிப் பெயரடைகளை ஆக்கிற்று. அதனோடு 'எ' என்னும் ஓர் உயிர் சேர்ந்தபோது வினையடை ஆயிற்று. காலப்போக்கில் அவ்வுயிர் ஒலி தேய்ந்து மறையவே, பெயரடை ஈறும் வினையடை ஈறும் 'லி' என ஒரே வடிவம் பெற்றன. பிரெஞ்சு முதலிய மொழிகளில் வினையடை ஈறு, 'மனத்தோடு' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலோ 'ஆகு' என்னும் வினையிலிருந்து 'ஆக' வந்தது. ஒருவர் உருவத்தையும், ஒருவர் மனத்தையும், நாம் ஆதலையும் கொண்டு ஒரே தொழிலை நிறைவேற்றிக்கொண்டோம்.

இவ்வரலாறு மாணவர்க்கு எதற்கு என்று கேட்கலாம். மயக்கம் தரும் மூன்று கூட்டங்கள் இதனால் தெளிவாகும்.

முதற் கூட்டம்: 'லி' இருந்தும் வினையடை அல்லாதவை. 'ஃபிரெண்ட்லி' (நட்பான), 'லோன்லி' (தனிமையான), 'லவ்லி' (அழகிய), 'காஸ்ட்லி' (விலைமிக்க) என்பன பெயரடைகள். 'தி பீப்பிள் ஆஃப் தி ஹில் ஆர் ஃபிரெண்ட்லி' – மலை மக்கள் நட்பானவர்கள். 'நட்பாகப் பேசினார்கள்' என்று சொல்ல வேண்டின், 'தே ஸ்போக் ஃபிரெண்ட்லி' என்னாது, 'தே ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே' என்க.

இரண்டாம் கூட்டம்: 'லி' இல்லாமலே வினையடை ஆனவை. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' என்பன பழங்காலத்தில் 'எ' ஒலி ஒன்றை மட்டும் ஏற்று வினையடை ஆயின. அவ்வொலி மறைந்தபின் பெயரடையும் வினையடையும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. 'எ ஃபாஸ்ட் பஸ்' என்பதில் 'ஃபாஸ்ட்' பெயரடை. 'தி பஸ் கோஸ் ஃபாஸ்ட்' என்பதில் வினையடை. 'ஃபாஸ்ட்லி' என்று கூறுதல் பிழை. இன்றைய வழக்கில் 'எர்லி', 'லேட்' என்பனவும் இவ்வாறே இரு தொழிலுக்கும் வருவன.

மூன்றாம் கூட்டம்: இரு வடிவும் உடையவை, ஆனால் பொருள் வேறானவை. மாணவர்கள் மிகுதியும் இடறுவது இங்கேதான்.

'ஹார்ட்' – கடினமாக. 'ஹார்ட்லி' – அரிதாகவே, இல்லை என்னும்படி.
'லேட்' – தாமதமாக. 'லேட்லி' – அண்மைக் காலத்தில்.
'நியர்' – அருகில். 'நியர்லி' – ஏறத்தாழ.
'ஹை' – உயரத்தில். 'ஹைலி' – மிகவும்.

'தி ஃபார்மர்ஸ் வொர்க் ஹார்ட்' என்றால் உழவர்கள் கடினமாக உழைக்கிறார்கள் என்பது பொருள். 'தி ஃபார்மர்ஸ் ஹார்ட்லி வொர்க்' என்றால் அவர்கள் உழைப்பதே இல்லை எனலாம் என்பது பொருள். மலைச்சரிவில் சாமை விதைத்துக் களையெடுக்கும் மக்களை இரண்டாம் வாக்கியத்தால் குறிப்பது எத்துணை அநீதி! 'கடினமாக' என்பதில் 'ஆக' இருப்பதால் ஆங்கிலத்திலும் 'லி' வேண்டும் என்று கருதுவதே இப்பிழைக்கு வேர்.

'குட்' என்பதன் வினையடை 'வெல்' ஆகும். 'ஹி சிங்ஸ் குட்' என்று எழுதாமல் 'ஹி சிங்ஸ் வெல்' என்று எழுதுக. உடல்நலத்தைக் குறிக்கும்போது மட்டும் 'வெல்' பெயரடையாகவும் வரும்: 'ஐ ஆம் வெல்' – நலமாக இருக்கிறேன்.

ஒப்பிடும் முறையையும் இங்கே நினைவிற் கொள்க. 'லி' ஈற்று வினையடைகள் 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றை முன்னே பெறும்: 'மோர் ஸ்லோலி'. 'லி' பெறாதவை தம் ஈற்றிலேயே மாற்றம் பெறும்: 'ஃபாஸ்ட்டர்', 'ஹார்டர்'. 'வெல்' என்பது 'பெட்டர்', 'பெஸ்ட்' எனவும், 'பாட்லி' என்பது 'வொர்ஸ்', 'வொர்ஸ்ட்' எனவும் திரியும்.

5. 'ஆக' என்பதெல்லாம் 'லி' ஆகாது

தமிழ் மாணவர்க்கே உரிய மற்றொரு மயக்கம் உண்டு. 'மலை அழகாக இருக்கிறது' என்கிறோம். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், 'தி ஹில் லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதுவார். அது பிழை. 'தி ஹில் லுக்ஸ் பியூட்டிஃபுல்' என்பதே சரி.

காரணம் யாது? இங்கே அழகு என்பது 'தோன்றுதல்' என்னும் செயலின் தன்மை அன்று, மலையின் தன்மை. பெயரின் தன்மையைக் கூறும் சொல் பெயரடையாகவே இருத்தல் வேண்டும். 'பீ', 'ஸீம்', 'பிகம்' என்னும் வினைகளும், 'லுக்', 'ஃபீல்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'சவுண்ட்' என்னும் ஐம்புல வினைகளும் எழுவாயை அதன் தன்மையோடு இணைக்கும் பாலங்களாக நிற்கும்போது, பின்னே பெயரடை வரும்.

'தேன் இனிப்பாக இருக்கிறது' – 'தி ஹனி டேஸ்ட்ஸ் ஸ்வீட்'. 'காற்று குளிர்ச்சியாக இருக்கிறது' – 'தி ஏர் ஃபீல்ஸ் கூல்'. இவற்றில் 'லி' வாராது. ஆனால் 'லுக்' என்பது இணைக்கும் பாலமாக இல்லாமல் உண்மையாகவே பார்த்தலைக் குறித்தால் வினையடை வரும்: 'ஷி லுக்ட் கேர்ஃபுல்லி அட் தி ஸ்டெப்ஸ்' – படிகளைக் கவனமாகப் பார்த்தாள். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருப்பதால் இவ்வாக்கியம் அங்கே மிகவும் தேவைப்படும்.

சோதிக்கும் வழி எளிது. அவ்வினையை நீக்கிவிட்டு 'இஸ்' என்பதை இட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் இருந்தால் பெயரடை, கெட்டால் வினையடை. 'தி ஹனி இஸ் ஸ்வீட்' பொருந்துகிறது. 'ஷி இஸ் கேர்ஃபுல்லி' பொருந்தவில்லை.

'வெரி', 'டூ' என்னும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதும் பரவலாக உள்ளது. 'வெரி' மிகுதியை மட்டும் கூறும். 'டூ' என்பது தேவைக்கு மேற்பட்ட மிகுதியை, அதனால் வரும் தடையோடு கூறும். 'தி ரோடு இஸ் வெரி நேரோ' – சாலை மிகவும் குறுகியது. 'தி ரோடு இஸ் டூ நேரோ ஃபார் எ பிக் லாரி' – பெரிய லாரி செல்ல முடியாத அளவு குறுகியது. 'இனஃப்' என்பது தான் சார்ந்த பெயரடைக்கும் வினையடைக்கும் பின்னே நிற்கும்: 'ஸ்லோலி இனஃப்'.

6. நிற்கும் இடத்தால் மாறும் பொருள்

புறநானூற்றின் 152-ஆம் பாட்டு, வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் பாடுகிறது. அவன் விடுத்த ஓர் அம்பு, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒருங்கே துளைத்தது என்பது அதன் செய்தி. இதனை வைத்து 'ஒன்லி' என்னும் சொல்லைச் சோதிப்போம்.

'ஒன்லி ஓரி ஷாட் ஒன் ஆரோ' – ஓரி மட்டுமே ஓர் அம்பு எய்தான். பிறர் அவ்வாறு எய்யவில்லை.
'ஓரி ஒன்லி ஷாட் ஒன் ஆரோ' – ஓரி ஓர் அம்பை எய்ய மட்டுமே செய்தான், வேறொன்றும் செய்யவில்லை.
'ஓரி ஷாட் ஒன்லி ஒன் ஆரோ' – ஓரி எய்தது ஓர் அம்பு மட்டுமே.

சொற்கள் மாறவில்லை, அடையின் இடம் மாறிற்று, பொருளும் மாறிற்று. புலவர் கருதியது மூன்றாவது. பேச்சு வழக்கில் இரண்டாவது வடிவை மூன்றாவதன் பொருளிலும் கூறுவர். குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும். எழுத்தில் குரல் இல்லையாதலால், 'ஒன்லி' என்பதை அது சாரும் சொல்லுக்கு முன்பாக ஒட்டி வைப்பதே நன்று. தமிழில் 'மட்டும்' என்பதும் ஏகாரமும் தாம் சாரும் சொல்லுக்குப் பின்னே ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் முன்னே நிற்கிறது.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆஃபன்', 'செல்டம்', 'நெவர்' எனத் தடவையைக் குறிப்பவை முதன்மை வினைக்கு முன்னே வரும்: 'தே ஆஃபன் ஸெல் பெப்பர் அட் சோளக்காடு'. 'பீ' வினையாயின் அதற்குப் பின்னே வரும்: 'தி மார்க்கெட் இஸ் ஆஃபன் க்ரௌடட்'. 'ஹார்ட்லி', 'செல்டம்', 'நெவர்' என்பன தம்முள்ளேயே எதிர்மறை உடையவை. ஆதலின் அவற்றோடு 'நாட்', 'நோ' என்பவற்றைச் சேர்த்தல் ஆகாது. இவற்றை வாக்கியத்தின் முதலில் வைத்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும்: 'நெவர் ஹாவ் வி ஸீன் ஸச் எ ரோடு' – இத்தகைய சாலையை நாம் கண்டதே இல்லை.

7. ஐயமா, நோக்கா?

வாக்கியம் முழுவதையும் சாரும் வினையடைகளை மேலே ஓரளவு கண்டோம். அவற்றுள் இருவகையை இங்கே பிரித்தறிதல் வேண்டும்.

ஒருவகை, பேசுவோரின் உறுதியையோ ஐயத்தையோ காட்டுவது. 'செர்ட்டன்லி' என்றால் உறுதியாக. 'பெர்ஹாப்ஸ்' என்றால் ஒருவேளை. மற்றொரு வகை, எந்த நோக்கில் இச்செய்தி உண்மை என்று வரையறுப்பது. 'ஜியாகிரஃபிக்கலி' என்றால் நிலவியல் நோக்கில். 'இன் திஸ் ரெஸ்பெக்ட்' என்றால் இவ்வகையால். முன்னது பேசுவோரின் மனநிலையைப் பற்றியது. பின்னது பொருளின் எல்லையைப் பற்றியது.

கொல்லிமலை எத்திசையில் உள்ளது? நாமக்கல்லில் நிற்பவர் கிழக்கே என்பார். துறையூரில் நிற்பவர் மேற்கே என்பார். இருவர் கூற்றும் உண்மை. இருவர்க்கும் ஐயம் சிறிதும் இல்லை. இதனை ஆங்கிலத்தில், 'பெர்ஹாப்ஸ் தி ஹில் இஸ் டு தி ஈஸ்ட்' என்று பெயர்த்தால், நாமக்கல்லில் நிற்பவருக்கு மலை எங்கே உள்ளது என்று தெரியவில்லை என்றாகிவிடும். 'ஸீன் ஃப்ரம் நாமக்கல், தி ஹில் இஸ் செர்ட்டன்லி டு தி ஈஸ்ட்' என்பதே அவர் கருத்து. நோக்கு வரையறுக்கப்பட்டது, உறுதி குறையவில்லை.

இப்பொழுது நாம் முதலில் குறிப்பிட்ட சொல்லுக்கு வருவோம். அது 'ஸ்யாத்' என்பது. 'ஸ்யாத் அஸ்தி', 'ஸ்யாத் நாஸ்தி' எனத் தொடங்கும் ஏழு கூற்றுகளைக் கொண்டது ஸ்யாத்வாதம். ஆங்கில நூல்கள் பலவற்றில் இச்சொல் 'பெர்ஹாப்ஸ்' என்றும் 'மே பீ' என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1954-இல் எழுதிய கட்டுரையிலும் 'மே பீ' என்றே காண்கிறது. அவரும், 1957-இல் இப்பொருள் பற்றி எழுதிய உயிரியல் அறிஞர் ஹால்டேனும் ஸ்யாத்வாதத்தை மதித்துப் போற்றியவர்கள். இன்றைய அறிவியலின் எண்ணங்களோடு அதனை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஆயினும் 'பெர்ஹாப்ஸ்' என்னும் சொல் பரவியதனால், ஒன்றையும் உறுதியாகச் சொல்லாத ஐயவாதம் இது என்னும் எண்ணமும் உடன் பரவிற்று.

இப்பெயர்ப்புக்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு. வடமொழியில் 'ஸ்யாத்' என்பது 'இரு' என்று பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்த வினைமுற்றின் வடிவம். 'இருக்கலாம்' என்பது அதன் பொருள். ஆனால் தருக்க நூலில் வரும் 'ஸ்யாத்' அவ்வினைமுற்று அன்று. ஆப்தமீமாம்சையில் சமந்தபத்திரர் இதனை நிபாதம் என்கிறார். நிபாதம் என்பது நம் இலக்கணத்து இடைச்சொல்லை ஒத்தது. அஃது அநேகாந்தத்தை விளக்கி நிற்பது என்றும், சொல்லக் கருதிய பொருளுக்கு விசேடணமாக அமைவது என்றும் அவர் தெளிவுபடுத்துகிறார். விசேடணம் என்பதற்குத் தமிழ் அடைமொழி என்பதாகும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்யாத்வாத மஞ்சரி இயற்றிய மல்லிசேனரும் இச்சொல்லை அவ்வியம் என்றே கொள்கிறார்.

'ஃபாஸ்ட்' என்பது ஒரே வடிவில் பெயரடையாகவும் வினையடையாகவும் நிற்பதை மேலே கண்டோம் அல்லவா? அதுபோன்றே 'ஸ்யாத்' என்பதும் ஒரே வடிவில் வினைமுற்றாகவும் அடையாகவும் நிற்கிறது. வடிவை மட்டும் கண்டு பொருள் கொண்டவர்கள் 'இருக்கலாம்' என்றனர். தொழிலைக் கண்டு பொருள் கொண்டால், 'ஒரு வகையால்', 'ஒரு நோக்கில்' என்பதே தெளிவு. அந்நோக்குகளைத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என நான்காகக் கூறுவர். மேலும், தருக்க நூலார் இக்கூற்றை 'ஸ்யாத் அஸ்தி ஏவ' என, 'ஏவ' என்னும் தேற்றச் சொல்லோடு கூறுவதும் உண்டு. 'ஏவ' என்பது நன்னூல் ஏகாரத்திற்குக் கூறும் ஆறு பொருள்களுள் தேற்றம் என்பதை ஒத்தது. 'ஒரு நோக்கில் உண்டே' என்பது முழுப்பொருள். முதற்சொல் எல்லை வகுக்கிறது; இறுதிச்சொல் அவ்வெல்லைக்குள் ஐயம் இல்லை என்கிறது. ஐயவாதத்தில் இவ்விறுதிச் சொல்லுக்கு இடமேது?

கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுடையது. நாமக்கல்லை நோக்க அது குளிர்ந்த இடமே. 2,240 மீட்டர் உயரத்து உதகையை நோக்க அது வெப்பமான இடமே. இரண்டு ஏகாரங்களும் பொய்யல்ல. ஆகவே நம் இளைஞர்கள் ஆங்கிலத்தில் ஸ்யாத்வாதத்தை விளக்க நேர்ந்தால், 'பெர்ஹாப்ஸ்' என்னும் சொல்லை விலக்கி, 'இன் ஸம் ரெஸ்பெக்ட்' அல்லது 'ஃப்ரம் எ செர்ட்டன் பாயிண்ட் ஆஃப் வியூ' என்று கூறுவார்களாக. வினையடைகளின் வகை அறிந்தவர்க்கே இத்திருத்தம் கைகூடும்.

பயிற்சி

கீழ்வருவனவற்றைத் திருத்துக.

1. 'தி பஸ் கேம் லேட்லி.' (பேருந்து தாமதமாக வந்தது.)
2. 'தி ஜாக்ஃப்ரூட் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி.' (பலா இனிய மணம் வீசுகிறது.)
3. 'ஹி ரேன் ஃபாஸ்ட்லி.' (அவன் வேகமாக ஓடினான்.)
4. 'தேர் இஸ் ஹார்ட்லி நோ ரெயின்.' (மழையே இல்லை எனலாம்.)
5. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் குட்.' (அவள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள்.)
6. 'தே வெல்கம்ட் அஸ் ஃபிரெண்ட்லி.' (நட்போடு வரவேற்றார்கள்.)

விடைகள்

1. 'லேட்' என்க, 'லேட்லி' என்பது அண்மைக் காலத்தைக் குறிக்கும்.
2. 'ஸ்வீட்' என்க, 'ஸ்மெல்' இங்கே இணைக்கும் வினை.
3. 'ஃபாஸ்ட்' என்க.
4. 'ஹார்ட்லி எனி ரெயின்' என்க. எதிர்மறை ஒன்றே போதும்.
5. 'வெல்' என்க.
6. 'இன் எ ஃபிரெண்ட்லி வே' என்க.

ஆறும் சரியாக வந்தவர்கள், நாளிதழ் ஒன்றின் ஆங்கிலச் செய்தியை எடுத்து, அதிலுள்ள வினையடைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் எச்சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று எழுதிப் பார்க்கவும். பெற்றோர் அருகிருந்து, 'இச்சொல் எதற்கு அடை?' என்னும் ஒரு வினாவை மட்டும் கேட்டால் போதும். அவ்வினாவுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் தமிழிலும் பிறர் கூற்றை அவசரப்பட்டுத் திரித்துப் பொருள் கொள்ளாது.